இருபது கிலோவும் இருபது ஆண்டும்: கஞ்சா விற்றவருக்கு எது நீதி?

போதைப்பொருள் விற்றவரை என்ன செய்வது? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பதில் எழுதி வருகிறார்கள். உரிமம் கொடுத்து வரி வாங்கலாம் என்றது ஒரு காலம். ஐந்தாண்டு உள்ளே வைத்தால் போதும் என்றது இன்னொரு காலம். கஞ்சா குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் பத்து முதல் இருபது ஆண்டு என்கிறது இன்றைய சட்டம். நமக்குப் பக்கத்து நாடுகளில் கயிறு வரைக்கும் போன பதில்களும் உண்டு.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது ஏட்டுக் கேள்வியில்லை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா தேசிய நெடுஞ்சாலை 16 வழியாகவும் அதை ஒட்டி ஓடும் ரயில் பாதையிலும் தெற்கே வருகிறது. தடாவைத் தாண்டியதும் ஆரம்பாக்கம், எளாவூர் சோதனைச்சாவடி, கும்மிடிப்பூண்டி சிப்காட். பிடிபட்டவர் போய்ச் சேரும் புழல் மத்திய சிறையும் அதே சாலையில், தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது. சரக்கு வரும் வழியும் ஆள் போகும் வழியும் ஒன்றுதான். அந்த வழியில் நீதி என்று சொல்லப்படுவது எந்தெந்தக் கொள்கைகளிலிருந்து வந்தது, ஒவ்வொன்றும் எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

உரிமம் பெற்ற வியாபாரி

கஞ்சா விற்பவரைக் குற்றவாளி என்று பார்ப்பது நமக்குப் பழகிப்போன பார்வை. ஆனால் மிகப் பழைய பார்வையன்று. பிரிட்டிஷ் அரசு 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஏழு உறுப்பினர்களோடு நாடெங்கும் சுற்றி, 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் அறிக்கை தந்தது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை, அடியோடு தடை செய்யத் தேவையில்லை, வரியும் உரிமமும் போதும் என்பது அதன் முடிவு. சென்னை மாகாணத்தில் உரிமத்தோடு பயிர் நடந்தது. வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. வடக்கே இன்னொரு மலையிலிருந்து மூட்டை வருகிறது என்று இன்று சோதனைச்சாவடி போட்டுப் பார்க்கும் தமிழகம், ஒரு காலத்தில் தானே மலையில் விளைவித்து விற்றது.

இந்தப் பார்வையின் ஓட்டை வெளிப்படையானது. ஆணையத்தை அமைத்ததும், அதன் முடிவால் வருவாய் பெற்றதும் ஒரே அரசு. இருந்தாலும் அதைக் கருவூலத்தின் குரல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அத்தனை சாட்சிகளைக் கேட்ட விசாரணை இந்த விஷயத்தில் இந்தியாவில் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை அபின், ஹெராயின் வரிசையில் சேர்த்தது. பழக்கத்தை ஒழிக்க இந்தியா போன்ற நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது. அந்தக் கெடு நெருங்கிய 1985இல்தான் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. ஊர் மக்கள் கேட்டு வந்த சட்டம் என்பதைவிட, கெடு முடியும் முன் நிறைவேறிய சட்டம் என்பதே பொருத்தம்.

பயமுறுத்தினால் நிற்குமா?

அச்சமே தடுக்கும் என்பது மிகப் பரவலான நிலைப்பாடு. தமிழ்ச் சிந்தனையில் இது ஒற்றைக் குரலாக இருந்ததில்லை. கொடியவரை ஒறுப்பதைக் களையெடுப்போடு ஒப்பிடும் குறள் செங்கோன்மை அதிகாரத்தில் இருக்கிறது. ஓங்குவது கடுமையாகவும் விழுவது மென்மையாகவும் இருக்கட்டும் என்ற கருத்து, இரண்டே அதிகாரம் தள்ளி வெருவந்த செய்யாமையில் வருகிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம். கள்ளுண்ணாமை அதிகாரம் முழுக்கக் குடிப்பவரைத்தான் பேசுகிறது. விற்பவருக்கு அங்கே ஒரு குறள்கூட இல்லை. விற்பவர் மேல் முழுப் பழியும் இறங்கியது பிற்காலத்தில்தான்.

1985 சட்டத்தின் மேல் 1989இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் அச்சத்தை மூன்று வழியில் கூட்டின. பிரிவு 37 ஜாமீனை ஏறக்குறைய அடைத்தது: குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக, விசாரணைக்கு முன்பே நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். பிரிவு 32ஏ தண்டனைக் குறைப்பை மறுத்தது; தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி மற்ற கைதிகள் முன்விடுதலையாகும்போது கஞ்சா வழக்குக் கைதி உள்ளேயே இருப்பது இதனால்தான். பிரிவு 31ஏ, பெரிய அளவில் இரண்டாம் முறை சிக்கியவருக்குத் தூக்கைக் கட்டாயமாக்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2011இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 2014 திருத்தம் அதை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. ஊர்ப் பேச்சில் ‘குண்டாஸ்’ என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வழக்கு விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 2021 டிசம்பர் முதல் ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் காவல்துறை நடத்திய தொடர் நடவடிக்கைகளில் விற்றவரின் வங்கிக் கணக்கோடு உறவினர் கணக்குகளும் முடக்கப்பட்டன. தண்டனை ஆளைத் தாண்டி வீட்டுக்குள் போகும் இடம் அது.

அச்சக் கொள்கைக்கு எதிரான வாதமும் பழையதே. தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் வரும் என்ற உறுதியே தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764இலேயே எழுதினார். போதை வணிகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொலைகாரர் ஒருவர் சிறைக்குப் போனால் அவரிடத்தை நிரப்ப ஆள் தேவைப்படாது. பொட்டலம் விற்பவர் உள்ளே போனால் அந்த மூலைக்கு மறு வாரமே இன்னொருவர் வரக்கூடும்.

இந்தக் கொள்கையைக் கடைசி வரை கொண்டுபோன நாடு சிங்கப்பூர். அங்கே தூக்கிலிடப்பட்டவர்களில் தமிழர் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். அவருடைய நுண்ணறிவு ஈவு 69 என்று மருத்துவர் மதிப்பிட்டிருந்தும் 2022 ஏப்ரல் 27இல் தூக்கு நிறைவேறியது. அடுத்த ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். சுமார் ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தை என்பது அவர் மேலிருந்த குற்றம்; அந்தச் சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை.

2012இல் சிங்கப்பூர் ஒரு சாளரத்தைத் திறந்தது. வெறுமனே சுமந்தவர், வலைப்பின்னலை உடைக்கும் அளவு தகவல் தந்ததாக அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், நீதிபதி அவர் உயிரைக் காக்கலாம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் யாரிடம் தகவல் இருக்கும்? மொத்த வியாபாரியை அறிந்தவரிடம். கூலிக்கு மூட்டை தூக்கிய குருவிக்குத் தன் கையில் சரக்கைக் கொடுத்தவரின் பட்டப்பெயருக்கு மேல் தெரிந்திருப்பது அரிது. 2014இல் பிடிபட்ட மலேசியத் தமிழர் பன்னீர் செல்வம் பரந்தாமன் சுமந்தவர்தான் என்று நீதிமன்றமே ஏற்றது. தன்னைச் சேர்த்துவிட்டவரைப் பற்றிச் சொல்லியும் சான்று கிடைக்கவில்லை. 2025 அக்டோபரில் தூக்கு. குற்றத்தில் குறைந்த பங்குள்ளவருக்குத் தப்பும் வழியும் குறைவு என்ற இந்த முரண் சிங்கப்பூரோடு நிற்பதில்லை. முழு உண்மையைச் சொல்பவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் இந்தியச் சட்டத்தின் பிரிவு 64க்கும் அது பொருந்தும்.

தராசின் நீதி

எல்லாரையும் ஒரே கோலால் அடிப்பது தவறு, எடைக்கேற்ற தண்டனையே முறை என்பது அடுத்த நிலைப்பாடு. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் விளைவு. சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்டது என்று மூன்று தட்டு வந்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும். சிறிய அளவுக்கு இன்று ஓராண்டு வரை, நடுவில் பத்தாண்டு வரை, வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டு.

இந்தத் திருத்தத்தைச் சட்டத்தின் கடுமையைத் தணித்த ஒன்றாகச் சொல்வது வழக்கம். ஹெராயினில் அது உண்மை. கஞ்சாவில் நடந்தது நேர்மாறு. 1985 சட்டத்தில் கஞ்சாவுக்கு அதிகபட்சமே ஐந்தாண்டுதான், எடை எதுவானாலும். தராசு வந்த பிறகுதான் கஞ்சா மூட்டைக்கு இருபதாண்டு வந்தது. ஆந்திர எல்லையிலிருந்து வரும் சரக்கில் பெரும்பகுதி கஞ்சா என்பதால் எளாவூரில் பிடிபடுபவருக்கு 2001 கொண்டுவந்தது தணிப்பன்று.

சரி, தராசாவது நேராக நிற்கிறதா? சட்டத்தின் கண்ணில் கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனிகள். நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. சோதனையில் மூட்டை அப்படியே தராசில் ஏறுகிறது. தண்டும் இலையும் கழித்தால் 21 கிலோ 19 ஆகுமா என்பது, ஒருவர் ஜாமீனில் வீட்டுக்குப் போவதா ஆண்டுக்கணக்கில் ரிமாண்டில் இருப்பதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி. கலப்படச் சரக்கில் போதைப்பொருளின் அளவை மட்டும் பார்க்க வேண்டும் என்று 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொத்த எடையே கணக்கு என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் அதே நீதிமன்றம் மாற்றியது. சில்லறையில் விற்பவர் கையில் வரும் சரக்குதான் அதிகம் கலப்படமானது. ஆகவே புதிய விதி யார் மேல் கனமாக விழும் என்று சொல்லத் தேவையில்லை.

பாங் விவகாரம் இன்னும் விநோதம். இலையிலிருந்து செய்யும் பாங் வட மாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே கிடைக்கும். அதே சேர்மானத்தில் வரும் சாக்லேட்டோடு ஒரு வடமாநிலத் தொழிலாளி இங்கே பிடிபட்டால் ‘கஞ்சா சாக்லேட் பறிமுதல்’ என்று செய்தி வருகிறது. பாங் இந்தச் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வராது என்று சொல்லி 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது.

எடையின் பெயரால் நடந்த நீதியில் 2023 ஜூலையில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் கண்ட முடிவை நகைச்சுவைக் கதையாகத்தான் பலரும் பகிர்ந்தார்கள். மெரினாவில் 22 கிலோவோடு பிடிபட்டதாக இருவர் மேல் வழக்கு. காவல் நிலையத்தில் வைத்திருந்த சரக்கில் மாதிரிக்கு எடுத்தது போக மீதியை எலி தின்றுவிட்டது என்றது காவல்துறை. இருவரும் விடுதலை. சிரித்துவிட்டுப் போகிற இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். வணிக அளவு என்பதற்கான ஒரே ஆதாரம் தராசு. அந்தத் தராசுத் தட்டு விசாரணையின்போது காலியாக இருந்தது. எலியின் புண்ணியத்தில் வெளியே வந்தவர்களுக்குக் கிடைத்ததும் நீதி என்று சொல்ல முடியவில்லை, கிடைக்காமல் போனதும் நீதி என்று சொல்ல முடியவில்லை.

எடையோடு சேர்ந்து வருவது வாக்குமூலம். அதிகாரி முன்னால் பிரிவு 67இன் கீழ் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே தண்டிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மூவரில் இருவர் பெரும்பான்மையோடு, அது செல்லாது என்றது. அதுவரை அந்த ஒரு தாளை நம்பி உள்ளே போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

தராசைக் குறை சொல்பவர்கள் வைக்கும் மாற்று, மனிதரின் இடத்தைப் பார்ப்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் பொட்டலம் தேடுபவர் அங்கே இருப்பார். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாலு பண்டல் கொண்டுவந்தால் ஒரு மாதச் சம்பளம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இறங்குபவரும் இருப்பார். மலையில் விளைவித்தவரும் சென்னையில் பணம் போட்டவரும் ரயில் பெட்டியில் இருப்பதில்லை. பிடிபடுவது எப்போதும் பையோடு இருப்பவர்.

இந்த வாதம் வலுவானது. ஆனால் ஒரு இடத்தில் வழுக்குகிறது. வறுமை காரணம் என்றால், அதே அறையில் அதே கூலிக்கு வேலை செய்து பொட்டலம் தொடாதவரை எப்படி விளக்குவது? பள்ளிக்கூட வாசலில் விற்றவரையும் மூட்டை சுமந்தவரையும் ஒரே ‘கடைசிக் கண்ணி’ என்று சொல்ல முடியுமா? மகன் கையை விட்டுப் போவதைப் பார்த்த தாய்க்கு விற்றவரின் வறுமை ஆறுதலாக இராது. இத்தகைய தாய்மார்களின் குரலைச் சீர்திருத்தக்காரர்கள் பெரும்பாலும் காவல்துறையிடம் விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் வாதத்தின் பெரிய பலவீனம். இன்னொரு ஆபத்தும் உண்டு. சங்கிலியைத் தேடிப் போன பார்வை ‘வடக்கத்தியான்தான் கொண்டுவருகிறான்’ என்ற சந்தேகமாகச் சுருங்கிவிடுவது எளிது. வாங்குபவர் இந்த ஊரில் இல்லாமல் சரக்கு இங்கே வந்து இறங்காது.

உள்ளே மாறியவர்

தண்டனையின் நோக்கம் திருத்தம் என்றால், திருந்திய பிறகு என்ன? இந்தக் கேள்வியைத் தமிழ் உலகில் மிகக் கூர்மையாக எழுப்பியது மயூரன் சுகுமாரன் வழக்கு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 8 கிலோவுக்கும் மேற்பட்ட ஹெராயினைக் கடத்த முயன்ற ஒன்பது பேரில் தலைமைப் பங்கு வகித்த இருவரில் ஒருவர். 2005 ஏப்ரல் 17இல், தம்முடைய 24ஆம் பிறந்தநாளன்று, கூட்டாவின் ஒரு விடுதியில் பிடிபட்டார். 2006 பிப்ரவரியில் மரண தண்டனை.

கெரோபோக்கான் சிறையில் பிறகு நடந்தது அவர் தரப்பினர் மட்டும் சொன்ன கதையன்று. கணினி வகுப்பும் ஓவிய வகுப்பும் தொடங்கினார். ஓவியர் பென் குவில்ட்டியிடம் கற்றார். கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் நுண்கலை படித்தார். 2010 மறுஆய்வு மனுவில் சிறையின் தலைமை அதிகாரியே அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். விசாரணையில் மறுத்த குற்றத்தைச் சுகுமாரன் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டதும் அப்போதுதான். எதுவும் செல்லவில்லை. 2015 ஏப்ரல் 29 நள்ளிரவுக்குப் பின் நுசகம்பங்கான் தீவில் துப்பாக்கிப் படை முன் நிறுத்தப்பட்டார். வயது 34.

இதை வைத்துத் திருத்தமே நீதி என்று முடிப்பவர்களுக்கு மூன்று தடைகள் எதிரே வருகின்றன. கழுத்தில் கயிறு இருக்கும்போது வரும் மனமாற்றம் எவ்வளவு உண்மை என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை. ஒப்புதல் தாமதமாக வந்ததைச் சுட்டியவர்கள் கேட்டதும் அதையே. ஓவியம் வரையவும் ஆங்கிலத்தில் பேசவும் தெரிந்தவரின் திருத்தம் உலகுக்குத் தெரிகிறது. புழல் சிறையில் ரொட்டி சுடும் வேலையிலோ கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்க்கிலோ ஒழுங்காக இருப்பவரின் திருத்தத்துக்குக் கண்காட்சி இல்லை. மூன்றாவதுதான் கடினம்: தலைமையில் இருந்தவர் என்பதால் அவருக்குச் சிறையிலும் தலைமைக் குணம் கைகொடுத்தது. கீழே இருந்தவருக்கு அது எங்கிருந்து வரும்?

இந்தியச் சட்டம் இந்த விவாதத்துக்குள்ளேயே வரவில்லை. தண்டனைக் குறைப்பு இல்லை என்றால், உள்ளே ஒருவர் எப்படி மாறினார் என்பதைப் பதிவு செய்யவே காரணம் இல்லை. கைது செய்த இரவில் பையிலிருந்த எடை கோப்பில் இருக்கிறது. அதற்குப் பிந்தைய பத்தாண்டு கோப்பில் இல்லை.

விற்றவர் என்ன நினைக்கிறார்?

தமிழில் சிறை எழுத்துக்கு நல்ல மரபு உண்டு. சி.ஏ. பாலனின் ‘தூக்குமர நிழலில்’, தியாகுவின் ‘சுவருக்குள் சித்திரங்கள்’ என்று தொடங்கலாம். ஆனால் அவர்கள் கொள்கைக்காக உள்ளே போனவர்கள். சிறை தங்களைச் சிறுமைப்படுத்தவில்லை என்ற நிமிர்வு அந்த எழுத்துக்கு உண்டு. கஞ்சா வழக்கில் போனவருக்கு அந்த நிமிர்வு கிடையாது. ஊர் அவரைக் கேட்பதில்லை. கேட்டாலும் ‘திருந்திட்டேன்’ என்ற ஒரு சொல்லைத்தான் எதிர்பார்க்கிறது. அவரது தன்வரலாறு தமிழில் அரிது. மற்ற மொழிகளில் வெளிவந்த பழைய விற்பனையாளர்களின் நூல்கள் பலவற்றில் சாகசமும் பாவமன்னிப்பும் மாறி மாறி வருகின்றன. இரண்டுமே விலைபோகும் சரக்கு. ஆக, இருக்கும் சாட்சியத்தையும் அப்படியே ஏற்க முடியாது. ஆனால் அந்தச் சாட்சியமே இல்லாமல் எழுதிய நீதிக் கொள்கைகள் எல்லாமே ஒரு தரப்பைக் கேட்காமல் எழுதிய தீர்ப்புகள்தான்.

குற்றமே இல்லையென்றால்?

போதைப்பொருளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பதே தீர்வு என்போர் போர்ச்சுகலைக் காட்டுவார்கள். 2001இல் அங்கே விலக்குக் கிடைத்தது பயன்படுத்துபவருக்கு. விற்பவர் இன்றும் குற்றவாளிதான். தாய்லாந்து 2022இல் கஞ்சாவைத் திறந்துவிட்டு 2025இல் மருத்துவர் சீட்டுக்குத் திருப்பியது. விற்றவரைப் பற்றி நேராக யோசித்தது நியூயார்க் மாநிலம்: கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபின், 2022இல் சில்லறைக் கடைகளுக்கான முதல் உரிமங்களைப் பழைய கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் ஒதுக்கியது. அங்கேயும் உரிமம் பெறாத கடைகள் பெருகி அந்த முயற்சியைத் திணறடித்தன.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் ஒரு சங்கடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 விழுக்காடு. முதல் பொருளை 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறையாக விற்கிறது. இதனால் கஞ்சாவையும் விற்கலாம் என்று ஆகிவிடாது. ஆனால் விற்பதே ஒழுக்கக்கேடு என்ற வாதத்தை அரசு வைக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் ஒலிக்கும்.

தீராதவை

எந்தக் கொள்கையும் முழுத் தோல்வி என்று சொல்ல ஆதாரம் போதாது. அச்சம் சிலரையாவது தடுத்திருக்கலாம்; தடுக்கப்பட்டவர் கணக்கில் வருவதில்லை. தராசு, கைது செய்யும் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு ஓரளவு கடிவாளம் போட்டது உண்மை. ஆனாலும் இவற்றில் மிகப் பலவீனமானது, நாம் மிக நம்பியிருக்கும் தராசுதான் என்பது என் மதிப்பீடு. எடை யார் சுமந்தார் என்பதைச் சொல்லும். யாருக்காக, எந்தக் கட்டாயத்தில், அதற்குப் பிறகு என்ன ஆனார் என்பதைச் சொல்லாது. விசாரணை நீண்டுகொண்டே போனால் பிரிவு 37 தடையாக நிற்காது என்று 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது சிறு திறப்பு. 32ஏ பக்கம் அப்படி ஒரு திறப்பு இன்னும் வரவில்லை. சுமந்தவருக்கும் முதல் போட்டவருக்கும் சட்டத்தில் தனித்தனித் தட்டு வேண்டுமா, வேண்டுமென்றால் அதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்வியும் அப்படியே கிடக்கிறது.

சுகுமாரனோடு கைதானவர்களில் சிறையில் எஞ்சியிருந்த ஐந்து பேர் 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியா திரும்பினார்கள். ஐ.நா. ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. எளாவூரில் மூட்டை ஏறும் தராசுக்கு அளவு சொல்லும் 1 கிலோ, 20 கிலோ என்ற இரண்டு எண்களும், 2001 அக்டோபர் 19ஆம் தேதி அறிவிக்கையில் இருந்தபடியே இருக்கின்றன.